எல்லா வால்வையும் திறந்து வைத்தவள்

1

இங்கிலாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு பதினொரு வருஷம். அந்த நாளை நினைவில் வைத்திருந்து என் கணவர் ஒரு கேக் வாங்கி வந்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர், ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் வாங்கியது. மூன்று பேர் இருக்க வேண்டிய வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம். பதினாறு வயது மகள் தாரா நாலு நாளாகத் தோழி வீட்டில் தங்கியிருந்தாள். ஏன் என்று சொன்னால் ஊரில் சிரிப்பீர்கள். அவள் அறையில் ரேடியேட்டர் சூடாகவில்லை.

நம் ஊரில் ரேடியேட்டர் என்றால் லாரிக்கு முன்னால் இருப்பது. மலையாள நாட்டில் நான் பிறந்து வளர்ந்த மட்டாஞ்சேரியில் அரிசிக் கிட்டங்கி வாசலில் மூடியைத் திறந்துவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார்களே, அது. இங்கே அது வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு இரும்புப் பலகை. சமையலறையில் உள்ள பாய்லர் தண்ணீரைச் சுட வைத்துக் குழாய் வழியே அனுப்பும். அது அறை அறையாகப் போய்ப் பலகையைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். லாரியில் சூட்டைத் தணிக்கிற சாமான் இங்கே சூட்டைத் தருகிறது. வந்த புதிதில் எனக்கு இதுவே பெரிய வேடிக்கையாக இருந்தது. இப்போது வேடிக்கை எல்லாம் போயே போச்சு. நவம்பர் ஆனால் நான் செய்கிற முதல் வேலை, ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்ப்பது.

எங்கள் வீட்டில் குழாய் முதலில் சமையலறை, பிறகு நடை, பிறகு கூடம் என்று போய், மாடியில் இரண்டு அறைகளைத் தொட்டு, கடைசியாகக் கூரைக்கு அடியில் உள்ள சிறிய அறைக்குப் போகிறது. அதுதான் தாராவின் அறை. பன்னிரண்டு வயதில் அவளே கேட்டு வாங்கிக்கொண்டது. எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனாள் என்று எனக்கு அப்போதே ஒரு மனத்தாங்கல்.

2

தப்பு எங்கே ஆரம்பித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குளிர் தொடங்கிய வாரம் தாரா வந்து நின்றாள். அவள் பேசுவது ஆங்கிலம்தான், நான் தமிழில் எழுதுகிறேன். "அம்மா, என் ரூம் சூடாகவே மாட்டேங்குது. எனக்குப் பரீட்சை வருது. கையுறை போட்டுக்கிட்டுப் பேனா பிடிக்க முடியல."

"எங்க ரூம்ல வந்து படி" என்றேன்.

"எனக்கு என் ரூம் வேணும். அத சரி பண்ணு."

சரி பண்ணினேன். என்னை யார் என்று நினைத்தீர்கள். பதினொரு வருஷமாக வார்டில் நர்ஸாக இருக்கிறவள், ஒரு மூடியைத் திறக்கக் கை நடுங்குமா. முதலில் காற்று எடுத்தேன். ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் சின்னத் துளை இருக்கும், அதற்கென்று ஒரு சாவி விற்கிறார்கள். திருகினால் உஸ்ஸென்று காற்று வரும், பிறகு கறுப்பாகத் தண்ணீர் சொட்டும். அது வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஊரில் எங்கள் சந்துக் குழாயிலும் இப்படித்தான் வரும். முதலில் காற்று, அப்புறம் துருத் தண்ணீர், அப்புறம் நல்லது.

பிறகு வால்வைப் பார்த்தேன். ஒரு பக்கம் எண் போட்ட திருகு இருக்கிறது, நமக்கு எவ்வளவு சூடு வேண்டுமோ அந்த எண்ணில் வைக்க வேண்டும். அதைக் கழற்றினால் உள்ளே ஆணி மாதிரி ஒரு சின்னக் கம்பி, மேலும் கீழும் போக வேண்டியது. கோடை முழுக்கச் சும்மா கிடந்ததில் அது அழுந்திப்போய் இறுகியிருந்தது. ஸ்பானரின் பின்பக்கத்தால் பக்கத்தில் இரண்டு தட்டு. டக்கென்று மேலே வந்தது. அரை மணியில் தாராவின் ரேடியேட்டர் வெதுவெதுப்பாயிற்று.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் குறிப்பையே எழுத வேண்டியதில்லை. வெதுவெதுப்பு போதாது, நன்றாகச் சுட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் மறுபக்கம் இன்னொரு வால்வு உண்டு. பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் திறந்திருக்கிறது. யாரோ கஞ்சன் வேலை என்று திட்டிக்கொண்டே சமையலறையிலிருந்து மாடிவரை ஆறையும் ஸ்பானரால் முழுக்கத் திறந்து வைத்தேன். வருவதெல்லாம் வரட்டும்.

மறுநாள் கூடம் கொதித்தது. என் கணவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். தாராவின் ரேடியேட்டர் பச்சைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

3

வீடு ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சொந்தம், நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். எது கெட்டாலும் அவர்களுக்குப் போன் பண்ண வேண்டும். பாட்டு கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அன்று போனை எடுத்த பெண்ணிடம் நான் அவசரத்தில், ரேடியேட்டர் சூடு பிடிக்கவில்லை என்பதை நம் பாணியிலேயே 'கேட்ச்' என்ற வார்த்தையைப் போட்டு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். தீப் பிடித்துவிட்டது என்று நினைத்து, எதுவும் எரிகிறதா, வாசனை வருகிறதா என்று அவள் பதறிப்போய்க் கேட்டாள். பதினொரு வருஷம் ஆகியும் பதற்றம் வந்தால் என் ஆங்கிலம் நேரே மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் போய் இறங்கிவிடுகிறது.

புகாருக்கு ஒரு எண் கொடுத்தாள். எண் கிடைத்த பிறகு நாம் மனுஷி இல்லை, அந்த எண்தான். அடுத்தடுத்து நான்கு முறை அழைத்தேன். வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று கேட்டார்கள், இல்லை. வயதானவர் உண்டா, இல்லை. வீட்டில் ஒரு அறையிலாவது சூடு உண்டா, உண்டு. அப்படியானால் அவசரம் இல்லை, பன்னிரண்டு நாள் கழித்து ஆள் வருவார்.

அந்தப் பன்னிரண்டு நாளில் எட்டாவது நாள் தாரா பையைத் தூக்கிக்கொண்டாள். தோழியின் அம்மாவே எனக்குப் போன் பண்ணினாள். தாரா எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும், எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். எனக்கு மட்டும் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. என் பிள்ளைக்குச் சூடு கொடுக்க எனக்கு வக்கில்லை என்று யாரோ ஊருக்குச் சொல்லிவிட்டார்கள்.

குளிர் ஒரு சாக்கு என்பதும் எனக்குத் தெரியும். போகிறபோது தாரா, "ரூம் சரியானா சொல்லு, பாக்கலாம்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னை உட்கார விடவில்லை. வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதும், ஊசி போடும்போதும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று அதுவே காதில் விழுந்துகொண்டிருந்தது.

சொன்ன நாளில் ஆள் வந்தார். நல்ல மனிதர், ஷூவுக்கு உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். கூடத்து ரேடியேட்டரைத் தொட்டார், கையை உதறினார். மாடி ஏறி இறங்கினார். மூடிகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாமே முழுசா திறந்திருக்கே" என்றார்.

"நான்தான் திறந்தேன்" என்றேன், பெருமையாக.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொன்றையும் அளவாக வைப்பது தனி வேலை, அதற்கு வேறு எண் வேண்டும், தன் தாளில் பாய்லர் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் எழுதியிருக்கிறது என்றார். அதை எனக்கு விளக்க அவருக்கு நேரமில்லை. கேட்க எனக்குப் பொறுமை இல்லை, நாலு நாள் தள்ளிப் போடப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றியது. சாயங்காலம் போனுக்குச் செய்தி வந்தது. வீட்டில் சூடு உள்ளது, வேலை முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கணவர் கேக்கோடு உள்ளே வந்தார்.

4

மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு சந்தின் கடைசி வீடு. தண்ணீர்க் குழாயும் எங்களோடு முடிந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம் மூன்று மணி வாக்கில் தண்ணீர் வரும். அங்கே நாங்கள் தமிழ் பேசினாலும் தண்ணீரை மட்டும் மலையாளத்தில் சொல்கிற மாதிரி வெள்ளம் என்றுதான் சொல்வோம். மூன்று மணிக்கு வரும் என்று சொன்னேனே, அது முதல் வீட்டு லீலாச் சேச்சிக்கு. எங்களுக்கு வந்தால் வந்தது, இல்லாவிட்டால் லாரித் தண்ணீர்தான். அம்மா தினம் ஒரு முறையாவது லீலாச் சேச்சியைச் சபிப்பாள். செடிக்கு ஊற்றுகிறாள், நடைக்கு ஊற்றுகிறாள், நமக்குக் குடிக்க இல்லை என்பாள்.

எங்கள் சந்தில் யாரும் குழாயை மூடுவதில்லை. திறந்தபடியே விட்டு அடியில் குடத்தை வைத்துவிடுவோம். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம்தான் மணி. கேட்டவர் வெளியே வந்து "வெள்ளம் வந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். தமிழ், கொங்கணி, மலையாளம் என்று எந்த வீடானாலும் இந்த ஒரு வார்த்தைக்கு எல்லோரும் எழுந்து ஓடி வருவார்கள்.

அந்த வார்த்தையை நான் இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் வெகுநேரம் காத்திருந்து எது வந்தாலும் அதுதான். பஸ் வந்தால் வெள்ளம் வந்தாச்சு. பார்சல் வந்தால் வெள்ளம் வந்தாச்சு. தாராவுக்கு முழுசாகத் தெரிந்த தமிழ் வாக்கியங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதில் இது முதல். ஐந்து வயதில் என் ஷிஃப்ட் முடிந்து நான் கதவைத் திறந்தாலே அதைத்தான் கத்திக்கொண்டு ஓடி வருவாள்.

அவள் அதைச் சொல்வதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. அதற்குக் காரணம் நான்.

அவளுக்குப் பத்து வயது. லீவுக்கு மட்டாஞ்சேரி போயிருந்தோம். தம்பி முருகன் குடும்பம்தான் இப்போது அந்த வீட்டில் இருக்கிறது. மத்தியானம் மீன்குழம்பும் கப்பைக் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணசந்துவிட்டோம். தாரா மட்டும் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்து கிடப்பதைப் பார்த்தாள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளையாக அதை இறுக்கி மூடிவிட்டாள். வெள்ளம் வந்தது, சந்து முழுக்கப் பிடித்தது, நின்றும் போனது. எங்கள் குடத்தில் ஒரு சொட்டு இல்லை. அடுத்த முறை வரை முருகன் மனைவி லாரிக்கு வரிசையில் நின்று குடம் குடமாகத் தூக்கி வந்தாள்.

நான் தாராவைச் சந்தில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினேன். "இந்த ஊரப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? நீ இங்கத்தவளா? கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா?" அவளுக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று அதையே மறுபடி ஆங்கிலத்திலும் சொன்னேன்.

முருகன், "விடுக்கா, குட்டியல்லே" என்றான். தாரா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு டிக்கெட் போடப் போகிறோம் என்றதும், "நான் வரல. நான் அங்கத்தவ இல்லைன்னு நீதான் சொன்ன" என்றாள். நான் அதற்கும் கோபப்பட்டேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

5

கேக் சாப்பிட்ட மறுநாள் காலை முருகன் வீடியோவில் அழைத்தான். பதினொரு வருஷத்துக்கு வாழ்த்துச் சொல்லத்தான். எனக்கு வாழ்த்து எங்கே காதில் விழுந்தது, ரேடியேட்டர் புராணம் முழுவதையும் அவன் தலையில் கொட்டினேன். அவனுக்கு இதில் அனுபவம் உண்டு என்பது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. அவன் இரண்டு வருஷமாகக் குடிநீர் லைனில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். நீளக் கம்பியோடு ஸ்கூட்டரில் போய், ரோட்டில் இரும்பு மூடியைத் தூக்கி, எந்தச் சந்துக்கு எவ்வளவு என்று வால்வைத் திருகுகிறவன்.

"கேமராவ அந்தச் சாமான் பக்கம் திருப்புக்கா" என்றான். "அந்த மூடி எடுத்தது ஆரு?"

"நான்தான்."

"எத்தனை திறந்து வச்சே?"

"முழுசா. ஆறும்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். "எந்தாக்கா இது. ஸ்டார்ட்டிங்ல முழுக்கத் தொறந்து வச்சா வெள்ளம் அங்கேயே சுத்தித் திரும்பிப் போகும். கடைசி வீட்டுக்கு எப்படிப் போய் எத்தும்? கிட்ட உள்ளதக் கொஞ்சம் அடைக்கணும், அப்பத்தான் தூரத்துக்குப் போகும். நான் டெய்லி அதானே செய்யுது. முதல் சந்துக்கு நாலு சுத்து, அடுத்ததுக்கு எட்டு, நம்ம சந்துக்கு முழுசு."

"அப்ப அந்த லீலாச் சேச்சி..."

"அவங்க பாவம்க்கா. அவங்க வால்வத் தொட்டதே கிடையாது. வீடு பக்கத்துல, அதனால கிடைச்சுது. குத்தம் தொறந்துவிட்டவனோடது."

எனக்குச் சுருக்கென்றது. கடைசி வீட்டில் பிறந்தவளுக்குத் திறக்க மட்டும்தான் தெரியும். திற, காத்திரு, வந்ததைப் பிடி. அடைப்பதும் ஒரு வேலை என்று எங்களுக்கு யார் சொன்னது. இந்த வீட்டில் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தவள் நான். வால்வைத் திறந்துவிட்டவளும் நான். கடைசி வீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது என் பெண். பத்து வயதில் அவள் திறந்திருந்ததை மூடினாள், நாற்பத்தாறு வயதில் நான் அளவாக வைத்திருந்ததைத் திறந்தேன். அவள் செய்தது அறியாமல். நான் செய்தது எல்லாம் தெரியும் என்ற திமிரில்.

முருகன் அங்கிருந்து சொல்லச் சொல்ல நான் இங்கே ஸ்பானரோடு தவழ்ந்தேன். ஆறையும் முதலில் அடைத்தேன். பிறகு சமையலறைக்குக் கால் சுற்று, நடைக்குக் கால், கூடத்துக்கு அரை, மாடி இரண்டுக்கும் ஒன்று, தாராவுடையதற்கு முழுசு. "இனி கை வச்சு நோக்கிட்டே இரு. எது முதல்ல சூடாகுதோ அத இன்னும் கொஞ்சம் அடை" என்றான். காலையிலிருந்து மத்தியானம் வரை மாடிக்கும் கீழுக்குமாக எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று கணக்கே இல்லை. மூன்று மணி வாக்கில் தாராவின் ரேடியேட்டரில் கை வைத்தேன், எடுக்க வேண்டியிருந்தது. கூடம் மட்டும் சுமாராகத்தான் இருந்தது. என் கணவர் எழுந்து போய் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார்.

6

சரியாகிவிட்டது, வா என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். விரல் அதைத்தான் முதலில் அடித்தது. அழித்துவிட்டேன். அவள் தமிழ் படிக்க மாட்டாள், அதனால் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். உன் அறை குளிர்ந்ததற்குக் காரணம் வீட்டுக்காரர்கள் இல்லை, நான்தான் என்று எழுதினேன். எப்படி என்றும் எழுதினேன். அன்று மட்டாஞ்சேரியில் நீ குழாயை மூடியது தப்பே இல்லை, உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நான் சொன்ன அந்த வார்த்தைதான் தப்பு, அதற்கு மன்னித்துக்கொள் என்றும் எழுதினேன். ஆறு வருஷம் கழித்துக் கேட்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் இல்லை. அன்று இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சில சாமான் எடுக்கணும் என்று ஒரு வரி வந்தது. சில சாமான் என்றால் என்ன, எல்லாமா என்று என் கணவரைக் கேட்டேன். "வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பாத்துக்கலாமும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறன்று வந்தாள். கையில் பெரிய காலிப் பை. அதையே பார்த்துக்கொண்டு, "சாயா போடட்டுமா?" என்றேன். "அப்புறம்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். ஒரு படிக்கட்டு, பிறகு கூரை அறைக்குப் போகிற குறுகிய படிக்கட்டு, பிறகு கதவுச் சத்தம்.

நான் கூடத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே அலமாரி திறக்கும் சத்தம் வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை. புத்தகம் எடுக்கும் சத்தமும் வரவில்லை. எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். ஏறிப் போய் நிற்கலாமா என்று பார்த்தேன். போனால் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கே பயம்.

கதவு திறந்தது. படிக்கட்டின் உச்சியிலிருந்து அவள் குரல் வந்தது. பத்து வயதுக் குரல் இல்லை, பெரியவளாகிவிட்ட குரல். வார்த்தை மட்டும் அதேதான்.

"அம்மா. வெள்ளம் வந்தாச்சு."

சந்தில் எழுந்து ஓடுகிற மாதிரிதான் ஓடினேன். மேலே போனபோது அவள் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பை காலியாகவே பக்கத்தில் கிடந்தது. அதை எதற்குக் கொண்டுவந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, எனக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.